தினமும் ஒரு பொட்டலம்

ஏப்ரல் 10, வியாழன்

இந்த நாட்குறிப்பை நட்டு போல்ட்டு கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்காரருக்கு இனாமாகக் கொடுத்தார்கள். மூன்று மாதமாக ஓர் எழுத்துக்கூட எழுதாமல், கிரைண்டர் பட்டறை மேசையில் டீ டம்ளரை வைக்க வைத்திருந்தார். இன்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அட்டையில் வட்டம் வட்டமாக டீக்கறை. இருக்கட்டும். எழுத எனக்கு விஷயம் இருக்கிறது. நான் வள்ளிக் கும்மியில் சேர்ந்துவிட்டேன்!

"சலங்கை கட்டப்போறனுங்க" என்று சொன்னதும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதுக்கு?"

"ஆடறதுக்குத்தானுங்க. ஆட்டுக்குட்டிக்குக் கட்டறதுக்கா?"

"ம்" என்றார். சென்னியப்பன் என்று பெயர் வைத்ததற்குப் பதில் 'ம்' என்றே வைத்திருக்கலாம்.

ஜூன் எட்டாம் தேதி, வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள், கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். இருநூறு பேர் ஒரே நிறச் சேலையில். வள்ளி கல்யாணம் முழுக்கப் பாடி ஆடி முடிக்க மூன்று மணி நேரம் ஆகுமாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மகளைக் கட்டிக்கொடுத்து புனேக்கு அனுப்பியாயிற்று. இதுநாள் வரை அடுத்தவர் மேடைக்குக் கை தட்டினேன். இனி எனக்குத் தட்டட்டும்.

ஜோதிமணியும் சேர்ந்திருக்கிறாள். தெருக்கோடி வீடு, பதினெட்டு வருஷப் பழக்கம். எங்களுக்குள் ஒரு சொல் தடித்தது கிடையாது. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற தங்கமான மனசு. அவளுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான். இன்னொன்றை நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். ஆடலாம், தடையில்லை என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் கனி பார்த்தேன், பாயசம் வைத்தேன், சாயங்காலம் ஆடினேன். இரவு முட்டி இரண்டும் என்னுடையவையாக இல்லை.

முன் வரிசையில் நின்றிருந்த என்னை ராக்கியப்ப வாத்தியார் இரண்டாம் வரிசைக்கு மாற்றினார். "அம்மிணி, நீங்க உசரம். பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குதுங்க" என்றார். உயரமாக இருப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம். பக்கத்தில் நின்ற பெண்ணை மூன்று தடவை இடித்துவிட்டேன். அவள்தான் தாளம் தப்புகிறாள், பாவம்.

ஏப்ரல் 21, திங்கள்

முட்டி வலிக்காக டாக்டர் இளவரசியைப் பார்த்தேன். சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு. வைட்டமின் டி ஒன்பதாம்! முப்பதாவது இருக்க வேண்டுமாம்.

"ஏனுங்க டாக்டர், கோயமுத்தூர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயிலு வெளிய இருக்குதுங்கம்மா. நீங்க உள்ள இருக்கீங்க. வெளிய வந்தாலும் குடை, கையுறை, மூஞ்சிக்குத் துப்பட்டா. அப்புறம் எப்படிங்க உடம்புல படும்?"

வண்டியில் நான் போகிற கோலத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாள் போல.

சின்னச் சின்னப் பொட்டலமாகத் தூள் எழுதிக்கொடுத்தாள். "வாரத்துக்கு ஒண்ணுதானுங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் பால்ல கலக்கிக் குடிங்க. எட்டு வாரம். அப்புறம் மறுபடி ரத்தம் பார்த்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் கூடவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். எட்டு வாரம் என்றால் கடைசிப் பொட்டலத்தை நான் குடிக்கும்போது அரங்கேற்றம் முடிந்து, சேலையைத் துவைத்து மடித்தே வைத்திருப்பேன். அந்தத் தெம்பு வந்து அப்புறம் யாருக்கு?

எங்கள் அப்பா எந்த லேகியம் வாங்கினாலும் ஒரு மண்டலம், ஒரு நாள் விடாமல் எங்கள் வாயில் ஊட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். நடுவில் ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாம்! அப்படி ஒரு மருந்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது. தவிர, இது மருந்தே இல்லை, சத்து. சத்து யாரையாவது கெடுத்திருக்கிறதா?

நாளையிலிருந்து ஒரு மண்டலம் என்று எண்ணினால் அரங்கேற்றத்தன்று சரியாக முடிகிறது. முருகனே போட்டுக் கொடுத்த கணக்கு.

ஏப்ரல் 22

முதல் பொட்டலம். ஆரஞ்சு வாசனை. ஜோர்!

ஏப்ரல் 25, வெள்ளி

நாலே நாளில் கால் காற்றாகப் போகிறது! மாடிப்படியில் ஏறும்போதே அடவு வைக்கிறேன். குழம்பு தாளிக்கும்போது தாளம் போடுகிறேன். கடுகு வெடிப்பது மட்டும்தான் என் தாளத்துக்கு ஒத்துவர மாட்டேன் என்கிறது.

எட்டுப் பொட்டலம் எத்தனை நாளைக்கு? மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் இன்னும் ஒரு பெட்டி வாங்கினேன். சீட்டைக் கேட்கக்கூட இல்லை. அடுத்த பெட்டியை வேறு கடையில் வாங்க வேண்டும். பயம் ஒன்றுமில்லை, சும்மா ஒரு மாறுதலுக்கு. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'ம்' என்பார். அதற்காகச் சொல்வானேன்?

மே 1, வியாழன்

சேலை முடிவாகிவிட்டது. கிளிப்பச்சை, அரக்குக் கரை! மாம்பழ மஞ்சள்தான் வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. நான் ஒருத்தியாக நின்று பேசி அடக்கினேன். ஜோதிமணி வழக்கம்போல என் பக்கம்.

அவள் இன்று கொஞ்சம் சோர்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"என்ன புள்ள இது?"

"வைட்டமின். நான் தெனமும் ஒண்ணு குடிக்கறேன். என்னையப் பாரு, எப்படி இருக்கறேன்!"

பார்த்தாள். "சரி வசந்தா" என்று பையில் போட்டுக்கொண்டாள். இனி தினமும் வகுப்புக்கு வரும்போது அவளுக்கும் ஒன்று. நல்லது கிடைத்தால் நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும், நான் அப்படித்தான்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. தாகம், அப்படி ஒரு தாகம். இரண்டு லிட்டர் பாட்டிலோடுதான் மைதானத்துக்குப் போகிறேன். குடிப்பது, ஓடுவது, குடிப்பது, ஓடுவது. பாதிப் பாட்டை நான் கோயில் கழிப்பறையில் இருந்துதான் கேட்டேன். இவர், "எத்தனை தடவ எந்திரிச்சுப் போற? சர்க்கரை ஏதாச்சும் பாக்கணுமா?" என்றார். முப்பது வருஷத்தில் இவர் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுதான். "வெயிலுங்க" என்றேன்.

மே 9, வெள்ளி

குடல் அசைய மறுக்கிறது. பப்பாளி, கொய்யா, வெந்நீர், எதற்கும் மசியவில்லை. நாலு நாள். இதைப் போய் எழுதுகிறேனே என்று இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் இதை வேறு யாரிடம் சொல்வது?

நல்ல சேதி ஒன்று. ரவிக்கை அளவெடுத்த தையல்காரி, "அக்கா, இளைச்சுட்டீங்க!" என்றாள். சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்று இருக்கிறது. எத்தனை வருஷம் நடந்தேன், ஓட்ஸ் குடித்தேன், ஒரு சுற்றும் குறையவில்லை. இப்போது தானாக வழிகிறது! கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றேன்.

மே 15, வியாழன்

காலையில் வாந்தி. நேற்று வாத்தியார் வீட்டுப் போண்டாதான் காரணம். நான் போண்டா சாப்பிடவில்லை, ஆனால் அந்த எண்ணெய் வாசனை போதாதா?

ஜோதிமணியிடம் கேட்டேன், "தெனமும் குடிக்கறியா புள்ள?" என்று. "குடிக்கறேன் வசந்தா" என்றாள். முகம் பளபளவென்று இருக்கிறது. எல்லாம் நான் கொடுத்த பொட்டலம்.

மே 20, செவ்வாய்

வாத்தியார் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார். உயரமாம். கடைசி வரிசையில் இருப்பவர்களெல்லாம் என் தோளுக்குத்தான் வருகிறார்கள்!

இன்று அடவு எல்லாமே மறந்துபோயிற்று. வேடன் வேடத்தில் முருகன் வருகிற இடம், நூறு தடவை பாடினது, வாய் திறந்தால் வார்த்தை இல்லை. கைகால் ஈயக்கட்டி. மேளக்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார் என்று சத்தம் போட்டேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

திரும்பி வரும்போது ஜோதிமணி மெதுவாகக் கேட்டாள். "வசந்தா, அந்தத் தூளு... தெனமும் குடிக்கலாமான்னு டாக்டரக் கேட்டுட்டியா?"

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது என்னை இப்படிக் கேட்டிருக்கிறாளா? "உனக்கு வேண்டாம்னா குடுத்துரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். நானா அவளுக்குக் கெடுதல் நினைப்பேன்?

மே 21

ஜோதிமணியோடு பேசவில்லை. பொட்டலத்தை மட்டும் அவள் பையில் போட்டேன்.

மே 24

கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்று நினைவில்லை. புனேக்கு போன் செய்து மகளிடம் அதே விஷயத்தை இரண்டு தடவை சொன்னேனாம்.

மே 29, வியாழன். ஆஸ்பத்திரி

நேற்று மத்தியானம் சமையலறையில் விழுந்தேன். நான் விழுந்ததைவிட இவர் போட்ட சத்தம்தான் பெரிசு என்று எதிர்வீட்டுக்காரம்மா சொன்னாள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஓடி வந்தார்களாம். வலது கையில் ஊசி குத்தி சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் ஏறுகிறது. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

காலையில் டாக்டர் இளவரசி வந்தாள். ரத்தத்தில் கால்சியம் பத்தரையைத் தாண்டக்கூடாது, எனக்குப் பதினாலு என்றாள்.

"அம்மா, அந்தப் பொட்டலம் எப்படிங்க குடிச்சீங்க?"

"வாரத்துக்கு ஒண்ணுதானுங்க" என்றேன். பக்கத்தில் இவர் உட்கார்ந்திருக்கிறார். வேறு என்ன சொல்ல முடியும்?

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதானுங்க."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இது சில சத்து மாதிரி மிச்சமானது ஒண்ணுக்குல போயிராதுங்கம்மா. கொழுப்புல போய்த் தங்கிக்கும். போடப் போட உள்ள சேரும். சேரச் சேர ரத்தத்துல கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், மறதி எல்லாம் அதுதான். கடைசில அடி வாங்கறது கிட்னி. உங்களுது ரெண்டும் கொஞ்சம் திணறுது, தண்ணி ஏத்திக் காப்பாத்திக்கலாம். நேரத்துக்கு வந்துட்டீங்க."

கிட்னி என்ற சொல் காதில் விழுந்ததும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்னுடையது இரண்டும் திணறுகிறது. அவளுக்கு இருப்பதே ஒன்று.

"ஜோதிமணி!" என்று கத்தினேன். "ஐயோ, ஜோதிமணிக்குக் குடுத்துட்டனுங்க! தெனமும் குடுத்துட்டனுங்க! நானும் தெனமும்தான் குடிச்சேன், பொய் சொல்லிட்டேன், என்னைய விட்டுப்போட்டு அவளப் பாருங்க! அவளுக்கு ஒரு கிட்னிதானுங்க!"

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள். இவர் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. 'ம்' கூடச் சொல்லாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். செருப்பு கட்டிலடியிலேயே கிடந்தது.

இந்தப் பக்கத்தை எழுதுவது அவர் திரும்பி வருகிற வரை பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான். அரங்கேற்றம் போகட்டும். சேலை போகட்டும். முருகா, அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேனே. பேசாமல் இருந்த நாளில்கூடப் பையைத் திறந்து போட்டேனே.

அதே நாள், சாயங்காலம்

வந்தாள்! நடந்து வந்தாள்! காட்டன் சேலை, தலையில் பூ, கையில் ஒரு தூக்குச் சட்டி. போனை வீட்டில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாளாம். என் வீட்டுக்காரர் வரிசையில் புகுந்து, மண்ணெண்ணெய்க்கு நிற்கிறவர்களையெல்லாம் தள்ளி, இவளை வண்டியில் ஏற்றியிருக்கிறார். வழியில் வீட்டில் நிறுத்தச் சொல்லி இந்தச் சட்டியை எடுத்துக்கொண்டாளாம். சர்க்கரை வாங்காமல் வந்தது அவளுக்கு ஒரு குறை.

தூக்குச் சட்டியைத் திறந்து என் போர்வை மேல் கவிழ்த்தாள். பொட்டலம், பொட்டலம், பொட்டலம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒண்ணுகூடக் குடிக்கலியா?"

"இல்ல வசந்தா."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது.

"குடிக்கறேன் குடிக்கறேன்னு சொன்னியேடி?"

"நீ ஆசையாக் குடுத்த. வேண்டாங்கறதுக்கு மனசு வரல."

"அப்ப இது ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நீ குடுத்த அன்னைக்கே என்ற கிட்னி டாக்டரக் கேட்டேன். கேக்காம நான் ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடறதில்ல. நீங்க தொடவே கூடாது, தெனமும் குடிக்கறது யாருக்குமே ஆகாதுன்னுட்டாரு."

"அடிப்பாவி! அதை என்றகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ அவ்வளவு சந்தோசமா இருந்தியே வசந்தா! ஒருக்கா வாயத் தொறந்து கேட்டேன். நீ பேசாமப் போயிட்ட. நான் வீட்டுல போய் அழுதேன்."

"பேசலைன்னா என்ன, வீடு தேடி வந்து கன்னத்துல ஒண்ணு வெச்சுச் சொல்லியிருக்கோணும்!"

"நீ மட்டும் என்ன? டாக்டரு வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னதை என்றகிட்டச் சொன்னியா? எனக்கு எத்தன கிட்னின்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னிடம் குரலை உயர்த்தி இன்றுதான் கேட்கிறேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்று சொன்னேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. வாய் திறந்தவள் திறந்ததுதான். கிளிப்பச்சைச் சேலை அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம், மாம்பழ மஞ்சள்தான் ஆசையாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் வற்புறுத்தி வாங்க வைத்த மிக்ஸி இரண்டே மாதத்தில் புகைந்ததாம். நானும் விடவில்லை. அவளுடைய மகன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை எடுத்தேன். பதினெட்டு வருஷத்துச் சண்டையை ஒரே மூச்சில் போட்டோம். நடுவில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள், நானா அவளா தெரியவில்லை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஊசி குத்திய கை குலுங்கி, உப்புத் தண்ணீர்க் கம்பி ஆடி, நர்ஸ் ஓடி வந்து, "இது ஆஸ்பத்திரிங்களா, கல்யாண மண்டபமுங்களா?" என்று திட்டினாள்.

என் வீட்டுக்காரர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற மிச்சப் பெட்டி எங்கே என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கால்சியம் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. உள்ளே சேர்ந்தது முழுக்கக் கரையச் சில மாதம் ஆகுமாம். அதுவரை வைட்டமின் டி இல்லை, கால்சியம் மாத்திரை இல்லை, வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர். வெயிலில் காய்வதுகூட அப்புறம்தான்.

"அரங்கேற்றத்துக்குப் போலாமுங்களா டாக்டர்?"

"போங்க. நாற்காலில உக்காந்து பாருங்க. எந்திரிச்சீங்கன்னா நானே வந்து புடிச்சு உக்கார வைப்பேன்."

இளவரசிக்கு அனுபவம் போதாது என்று இதே நோட்டில் நான்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும், எனக்கு வேண்டும்.

கும்மிக் குழுவுக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். வேறு யாராவது என் பேச்சைக் கேட்டுத் தினமும் குடிக்கிறார்களா என்று பயம். யாரும் இல்லை. என் பேச்சை இத்தனை பேர் கேட்பதே இல்லை என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன். ரவிக்கை தொளதொளவென்று இருந்தது, பரவாயில்லை. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு.

மேளம் தட்டினதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. இருநூறு ஜோடிக் கால் ஒன்றாகத் தரையில் விழுகிறது, சலங்கை மொத்தமும் ஒரே சத்தம், என் கால் மட்டும் நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது. இரண்டு மாத ஆசை. யாரைக் குற்றம் சொல்ல? அழுதேன், மூக்கைச் சிந்தினேன், அப்புறம் பாட ஆரம்பித்தேன். எழுந்திருக்கக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னாள், பாடக்கூடாது என்று சொல்லவில்லையே!

ஜோதிமணி என்னமாய் ஆடினாள்! வட்டம் சுற்றி என் எதிரில் வரும்போதெல்லாம், கும்மி தட்டுகிற கையோடு, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது சுற்றில் அவளுக்குப் பின்னால் வந்தவளும் கேட்டாள். அப்புறம் வரிசையில் வருகிறவர்களெல்லாம், "தண்ணி குடிச்சீங்களா அக்கா?" "குடிங்க அக்கா!" மைதானத்தில் பாதிப் பேர் வள்ளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர் பாட்டிலைத் திறந்து திறந்து நீட்டுகிறார். நான் குடித்துக் குடித்து வயிறு பானையாகிவிட்டது.

எல்லாம் முடிந்து, சாமி கும்பிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து என் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள் ஜோதிமணி. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லாம வரிசை ஒரு மாதிரி இருந்துதா?" என்று கேட்டேன். கொஞ்சம் சோகமாகத்தான் கேட்டேன்.

யோசித்தாள். "வசந்தா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நீ இல்லாததுனாலதான் வரிசை சரியா இருந்துது. உனக்குத் தாளமே வராது. ஆரம்பத்துல இருந்தே வராது."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். ராக்கியப்ப வாத்தியார் அந்தப் பக்கம் போனார். கூப்பிட்டு, "வாத்தியாரே, நான் உசரம்னுதானே பின்னால போட்டீங்க?" என்று கேட்டேன். மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நழுவிவிட்டார்.

"இதையும் ஏண்டி முதல்லயே சொல்லல?"

"இப்பச் சொல்றனல்ல!"

ஆடி கழிந்ததும் அடுத்த குழுவுக்கு வகுப்பு தொடங்குகிறதாம். உடம்பு சரியானதும் சேரலாம் என்று இருக்கிறேன் என்றேன். ஜோதிமணி பட்டென்று, "வேண்டாம்" என்றாள். கெஞ்சினேன். "வேண்டாம் வசந்தா, அவங்க பாவம்" என்றாள். வீடு வருகிற வரை எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். கையைக் கோத்துக்கொண்டு நடந்தபடி, கொஞ்சமும் அசராமல், வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.